கணுக்காலில் ஆறாத புண், காலெல்லாம் ஊதா வலைக்கோடு: தோலுக்குள் ரத்தம் உறையும்போது நடப்பது என்ன?

கேள்வி இது: தங்கைக்கு 31 வயது. சில ஆண்டுகளாகவே இரண்டு கால்களிலும் ஊதா நிறத்தில் வலைபோன்ற கோடுகள். சமீப காலமாகக் கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னப் புண்கள், அளவுக்கு மீறிய வலி. ஒன்று ஆறி வெள்ளைத் தழும்பாகிறது, பக்கத்திலேயே அடுத்தது கிளம்புகிறது. ரத்தக்குழாய் அழற்சி என்று ஸ்டீராய்டு தந்தார்கள், பயனில்லை. இப்போது 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்கிறார்கள், வார்ஃபரின் தொடங்க வேண்டும் என்கிறார்கள். திறந்த புண் இருக்கும்போது ரத்தத்தை இளக்கினால் கசிவு அதிகமாகாதா? ஸ்டீராய்டு ஏன் கேட்கவில்லை? வலைக்கோடு மறையுமா? பிறகு குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா?

முதலில் நேரடியான பதில். உங்கள் தங்கையின் புண் ஆறாததற்குக் காரணம் அங்கே ரத்தம் போய்ச் சேராததுதான். தோலின் மிகச் சிறிய குழாய்களுக்குள் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த தோல் பட்டினியால் சாகிறது. அதனால் வார்ஃபரின் போன்ற, உறைவைத் தடுக்கும் மருந்துதான் இங்கே புண்ணுக்கும் மருந்து. கசிவு பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதற்கும் கீழே வருகிறேன். தோல் மருத்துவத்தில் இப்படிப்பட்ட கால்களைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆனால் உங்கள் தங்கையை நான் பரிசோதிக்கவில்லை. மருந்தின் அளவு, எப்போது தொடங்குவது என்பதையெல்லாம் அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வலைக்கோட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த நோயில் பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

தோலுக்குள் ரத்தம் வரும் அமைப்பு விசித்திரமானது. அடியிலிருந்து ஒரு சிறு தமனி நேராக மேலே ஏறி வந்து, மேற்பரப்புக்கு அருகே கிளை பிரிந்து, ஒன்று முதல் சில சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தோலுக்கு ரத்தம் தருகிறது. வட்டத்தின் நடுவே புது ரத்தம் நிறைய. ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு. கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே, அதுபோல ரத்தவரத்து குறைந்தால் முதலில் அடிபடுவது வட்டத்தின் ஓரம். அங்கே ரத்தம் தேங்கி, ஆக்சிஜன் இழந்து, நீலம் கலந்த ஊதாவாகத் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்து வட்டங்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று சேரும்போது நம் கண்ணுக்கு அது ஒரு வலையாகிவிடுகிறது. மருத்துவத்தில் இதை லிவிடோ என்கிறோம்.

குளிரில் பலருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும், இப்படி வலை தெரிவதுண்டு. குளிரில் தமனிகள் சுருங்குகின்றன, அவ்வளவுதான். சூடானதும் மறைந்துவிடும், வலையின் கண்கள் ஒவ்வொன்றும் முழுமையாக மூடிய வட்டமாக இருக்கும், இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இதைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. கதகதப்பான அறையிலும் மறையாத வலை, அங்கங்கே அறுந்து மின்னல் கீற்றுப் போலக் கிளைவிடும் வலை, தொடை, பிட்டம், முதுகு, கை என்று பரவியிருக்கும் வலை: இது வேறு வகை. சில வட்டங்களின் தமனி உண்மையிலேயே அடைபட்டிருக்கிறது, சிலவற்றில் அடைப்பு இல்லை. அதனால்தான் வலை ஒழுங்கில்லாமல் உடைந்து தெரிகிறது. இந்த உடைந்த வலைக்கு லிவிடோ ரசிமோசா என்று பெயர். முழு வலையா உடைந்த வலையா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், நல்ல வெளிச்சமும் நோயாளியை நிற்க வைத்துப் பார்க்கும் பொறுமையும் போதும். படுக்க வைத்துப் பார்த்தால் பாதி வலை தெரியாது. உங்கள் தங்கைக்கு எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிற்கும்போது நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும்.

இடையில் ஒன்று: ஹீட்டரை அருகில் வைத்துக்கொள்பவர்களுக்கும், லேப்டாப்பைத் தொடை மேல் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கும் பழுப்பு நிற வலை வரும். அது தொடர்ந்து படும் சூட்டால் வருவது, உறைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் அமாண்டடின் மருந்தும் வலையை உண்டாக்கும். ஆகவே வலை தெரிந்தவுடன் எல்லாரையும் ரத்தப் பரிசோதனைக்கு விரட்டுவதும் தவறு.

இங்கிலாந்தைச் சேர்ந்த தோல் மருத்துவர் இயான் ஸ்னெடன் 1965-இல் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். உடலில் பரவலான உடைந்த வலை, கூடவே பக்கவாதம். தோலும் மூளையும் ஒரே நோயில் சிக்கும் அந்தச் சேர்க்கையை இன்று ஸ்னெடன் சிண்ட்ரோம் என்கிறோம். அவர்களில் ஒரு பகுதியினருக்கு உங்கள் தங்கைக்கு வந்திருக்கும் அதே எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கின்றன. பக்கவாதத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வலை வந்துவிடுவதுண்டு. வலைக்கோட்டை அழகுப் பிரச்சினையாக ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான். 2002-இல் வெளியான ஐரோப்பியக் கூட்டாய்வு ஒன்று ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் உள்ள 1000 பேரைத் தொகுத்தது. அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு லிவிடோ இருந்தது, நூற்றில் ஐந்தாறு பேருக்குக் காலில் புண் இருந்தது. 2005-இல் பிரான்சில் 200 பேரைத் தோல் மருத்துவர்களே நேரில் பார்த்த ஆய்வில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு தோல் பாதிப்பு. மூவரில் ஒருவருக்கு நெருக்கமாக, நோயின் முதல் அடையாளமே தோலில்தான் தெரிந்திருந்தது.

சரி, ரத்தம் ஏன் உறைகிறது?

நம் நோய் எதிர்ப்பு மண்டலம் கிருமிகளுக்கு எதிராகச் செய்ய வேண்டிய எதிர்ப்பொருள்களை நம் உடலின் சொந்தப் பொருள்களுக்கு எதிராகவே செய்யும்போது அது தன்னுடல் தாக்கு நோய். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோமில், சுருக்கமாக ஏபிஎஸ்-இல், அந்த எதிர்ப்பொருள்களின் முக்கியக் குறி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஒன்று என்ற புரதம். இந்தப் புரதம் ரத்தத்தில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கிறது, செல்களின் மேலுறையிலுள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பில் ஒட்டும் இயல்புடையது. எதிர்ப்பொருள் வந்து பற்றிக்கொண்டதும், ரத்தக்குழாயின் உட்சுவர் தன் வழுவழுப்பை இழக்கிறது, தட்டணுக்கள் கிளர்ச்சி அடைகின்றன, காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடரும் தூண்டப்படுகிறது. உறைவைத் தடுக்கும் உடலின் இயற்கையான பிரேக்குகளும் தளர்கின்றன. இவ்வளவு நடந்தாலும் பல மாதங்கள், ஆண்டுகள் ஒன்றுமே நிகழாமல் இருக்கலாம். ஒரு தொற்றுக் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, புகைப்பழக்கம் என்று இரண்டாவதாக ஒரு தூண்டுதல் சேரும்போதுதான் பெரும்பாலும் ரத்தக்கட்டி உருவாகிறது. எதிர்ப்பொருள் இருக்கும் எல்லாருக்கும் உறைவு வருவதில்லை என்பதற்கு இதுவே விளக்கம்.

உங்களைக் குழப்பியிருக்கக்கூடிய ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' பாசிட்டிவ் என்றால் தங்கைக்கு லூபஸ் என்ற இன்னொரு தன்னுடல் தாக்கு நோய் இருக்கிறது என்று பொருளில்லை; ரத்தம் உறையாது என்றும் பொருளில்லை. இந்த எதிர்ப்பொருளை முதலில் 1952-இல் லூபஸ் நோயாளிகளிடம் கண்டபோது, சோதனைக்குழாயில் அவர்களின் ரத்தம் உறைய வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. ஏனென்றால் ஆய்வகத்தில் உறைவைத் தொடங்கச் சேர்க்கும் பாஸ்போலிப்பிட்டையே இந்த எதிர்ப்பொருள் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடலுக்குள் நடப்பது நேர் எதிர்: உறைவு அதிகம். ஏபிடிடி என்ற உறைவு நேரம் நீண்டிருப்பதைப் பார்த்து, ரத்தம் ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது, மருந்து வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இதன் முன்கதை சுவையானது. 1906-இல் வாசர்மான் மேகநோய்க்கு, அதாவது சிபிலிசுக்கு, ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்தார். 1941-இல் மேரி பேங்பார்ன் அந்தப் பரிசோதனையில் வினைபுரிவது மாட்டு இதயத்திலிருந்து கிடைக்கும் ஒரு பாஸ்போலிப்பிட் என்று பிரித்துக் காட்டினார், அதற்குக் கார்டியோலிப்பின் என்று பெயர் வைத்தார். பிறகு சிபிலிஸ் பரிசோதனை பெருமளவில் நடந்தபோது, நோய் சற்றும் இல்லாத பலருக்கு, அதிலும் லூபஸ் உள்ளவர்களுக்கு, பாசிட்டிவ் என்று வந்தது. எத்தனை பேர் அதனால் அவமானப்பட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. உண்மையில் அவர்கள் ரத்தத்தில் இருந்தது கார்டியோலிப்பினுக்கு எதிரான தன்னுடல் எதிர்ப்பொருள். 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸும் அவர் குழுவினரும் இந்த எதிர்ப்பொருள்கள், உறைவு, தொடர் கருச்சிதைவு மூன்றையும் ஒரே நோயாக இணைத்துக் காட்டினார்கள். உங்கள் தங்கைக்கு எப்போதாவது சிபிலிசுக்கான விடிஆர்எல் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்திருந்தால் பதற வேண்டாம். அதுவும் இதே நோயின் தடயமாக இருக்கலாம்.

இனி புண்கள். நீங்கள் விவரித்திருப்பது எனக்கு மிகவும் பழக்கமான காட்சி: கணுக்காலின் உட்புறமோ வெளிப்புறமோ, பாதத்தின் மேற்புறமோ, முதலில் சிவந்த, கருஞ்சிவப்பான சிறு புள்ளிகள், நடுவில் கருத்து உடைந்து, குத்தி எடுத்ததுபோல் கூரான ஓரமுள்ள சின்னப் புண், அளவோடு ஒப்பிட முடியாத வலி. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடந்து ஆறும்போது, பீங்கான் வெள்ளையில் நட்சத்திர வடிவத் தழும்பு, அதைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகளும் பழுப்பு நிறமும். இதை லிவிடாய்டு வாஸ்குலோபதி என்கிறோம். இது ஏபிஎஸ்-இல் மட்டும் வருவதில்லை; உறைவைக் கூட்டும் பரம்பரைக் குறைபாடுகளிலும், எந்தக் காரணமும் பிடிபடாமலும் வரும். வலி ஏன் இவ்வளவு என்றால், ரத்தம் கிடைக்காத திசுவின் வலி அது. மாரடைப்பில் இதயத் தசைக்கு நேர்வது இங்கே தோலுக்கு நேர்கிறது. 'இத்துனூண்டு புண்ணுக்கா இப்படி?' என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். பாராசிட்டமால் மட்டும் கொடுத்துச் சமாளிக்கச் சொல்வது கொடுமை. வலிக்கான சரியான சிகிச்சையை வற்புறுத்திக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

ஸ்டீராய்டு ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ரத்தக்குழாய் அழற்சியில், அதாவது வாஸ்குலைட்டிஸில், வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவருக்குள் புகுந்து அதைச் சிதைக்கின்றன. அதைத் தணிக்க ஸ்டீராய்டு சரியான மருந்து. ஏபிஎஸ்-இல் சுவரில் அழற்சி ஏறக்குறைய இல்லை. குழாய்க்குள் அடைப்பு இருக்கிறது, அவ்வளவே. அடைப்பை ஸ்டீராய்டு கரைக்காது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் இந்தக் குழப்பம் உலகமெங்கும் நடக்கிறது. முதல் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு. அழற்சியில் வரும் ரத்தப் புள்ளிகள் உருண்டையாக, விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும், ஒரே நேரத்தில் கொத்தாகக் கிளம்பும். அடைப்பில் வரும் கருஞ்சிவப்புத் திட்டுகள் கிளைவிட்டு, ஓரம் கோணல்மாணலாக இருக்கும், சுற்றிலும் சிவப்போ வீக்கமோ குறைவு.

சந்தேகம் தீர்வது தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில்தான், அதிலும் எடுக்கும் இடம் முக்கியம். வலைக்கோட்டில் எடுப்பதானால் ஊதாக் கோட்டில் எடுக்கக் கூடாது. அடைபட்ட தமனி வட்டத்தின் நடுவே, வெளிறிய பகுதிக்கு அடியில் இருக்கிறது; அங்கே, கொழுப்புப் படலம்வரை ஆழமாக எடுக்க வேண்டும். புண்ணில் எடுப்பதானால் புதிய திட்டின் ஓரத்தில் எடுக்க வேண்டும். பழைய புண்ணின் நடுவில் எடுத்தால், அடைப்பு எந்த நோயில் வந்தாலும் இரண்டாம் நிலை உறைவு தெரியும், முடிவு குழப்பிவிடும். உங்கள் தங்கைக்கு முன்பு பயாப்ஸி நடந்து 'ஒன்றும் தெளிவாக இல்லை' என்று வந்திருந்தால், எங்கே எடுத்தார்கள் என்று கேட்பது வீண் கேள்வி அல்ல.

கால் புண்ணைத் தவிர வேறு சிலவும் கவனிக்க வேண்டும். நகத்துக்கு அடியில் சிராய் குத்தியதுபோல் நீளவாக்கில் கருஞ்சிவப்புக் கோடுகள்: பல விரல்களில் ஒன்றாகத் திடீரென்று வந்தால் சொல்லிவிட வேண்டும். அடிபட்டாலும் ஒன்றிரண்டு வரும், அது வேறு. கால் விரல் நுனி நீலமாகி வலித்தால், அது கருப்பாகும் முன்பே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரலின் தமனி அங்கேயே அடைபட்டும் இருக்கலாம், இதய வால்வில் ஒட்டியிருந்த துகள் கிளம்பி வந்து அடைத்தும் இருக்கலாம். ஏபிஎஸ்-இல் கிருமியில்லாமலே வால்வு தடிப்பதுண்டு. அதனால் எக்கோ பரிசோதனை கேட்பார்கள். தோலுக்கு அடியில் கயிறுபோல் தடித்து வலிக்கும் மேற்புறச் சிரையும் இந்த நோயில் வரும்.

மார்பு, தோள், கையின் மேற்பகுதியில் தோல் மெலிந்து, அழுத்தினால் உள்ளே போகும் சிறு பைபோல் தொளதொளத்த திட்டுகள் வருவது அபூர்வம். அனிட்டோடெர்மா என்று பெயர். அந்த இடத்தில் தோலின் மீள்நார்கள் கரைந்துபோயிருக்கும். வலியே இல்லாததால் யாரும் காட்ட மாட்டார்கள். ஆனால் இது இருப்பவர்களிடம் இந்த எதிர்ப்பொருள்கள் அடிக்கடி கிடைக்கின்றன. உறைவு எதுவும் இல்லாவிட்டாலும் சோதித்துப் பார்க்கத் தகுந்த அறிகுறி.

தோலை இப்படிச் சிதைக்கும் தன்னுடல் உறைவு நோய் ஏபிஎஸ் ஒன்றுதானா என்றால், இல்லை. டிடிபி என்ற நோயில் ஆடம்ட்ஸ்-13 என்ற நொதியை எதிர்ப்பொருள்கள் முடக்குகின்றன. தட்டணுக்கள் நுண்குழாய்களில் கட்டிக்கொள்கின்றன, மீதி தட்டணுக்கள் குறைந்து தோலில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரிகின்றன. கூடவே ரத்தசோகை, குழப்பம், காய்ச்சல் என்றால் அன்றே அனுமதிக்க வேண்டிய அவசரம். ஐடிபி என்ற நோயில் தட்டணுக்கள் அழிவதால் ரத்தக்கசிவுதான், உறைவு அல்ல; பெயரில் மட்டும் ஒற்றுமை. கிரையோகுளோபுலின் நோயில் குளிரில் படியும் புரதங்கள் குழாய்களை அடைக்கும். உறைவைத் தடுக்கத் தரும் ஹெப்பாரின் ஊசியே எதிர்ப்பொருளைத் தூண்டி உறைவை உண்டாக்கும் ஒரு நிலையும் உண்டு. பொதுவாக ஊசி தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள், ஊசி போட்ட இடத்தில் தோல் சிவந்து கருக்கும், தட்டணு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கும். தங்கைக்கு ஹெப்பாரின் ஊசி தருவார்கள் என்றால், அந்த நாட்களில் ஊசி போட்ட இடத்தைத் தினமும் பாருங்கள்.

நோயை உறுதி செய்வது பற்றி. மூன்று பரிசோதனைகள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஒன்று. ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் வர வேண்டும், ஏனென்றால் சாதாரணத் தொற்றுக்குப் பிறகும் இவை கொஞ்ச காலம் தலைகாட்டி மறையும். 12 வாரம் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும் என்பதில்லை. வார்ஃபரினோ ஹெப்பாரினோ எடுக்கும்போது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனை தவறாகக் காட்டக்கூடும், அதனால் முடிந்தால் மருந்து தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிடுவார்கள். மற்ற இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை. மூன்றும் பாசிட்டிவ் என்றால் உறைவின் ஆபத்து மிக அதிகம். தங்கைக்கு மூன்றும் பார்த்தார்களா, ஒன்று மட்டுமா என்பது இப்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சிட்னியில் கூடி வகுத்து 2006-இல் வெளியிட்ட வரையறையில் வலைக்கோட்டுக்கு இடமே இல்லை. 2023-இல் அமெரிக்க, ஐரோப்பிய முடக்குவாதவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட புதிய வரையறையில் உடைந்த வலையும் லிவிடாய்டு வாஸ்குலோபதியும் நுண்குழாய்ப் பாதிப்பு என்ற பிரிவில் இடம்பெற்றுவிட்டன. தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது ஒருவழியாக ஏறியது.

சிகிச்சைக்கு வருவோம். இரண்டு முறை சோதித்தும் உறுதிப்பட்டு, உறைவும் நிரூபிக்கப்பட்ட ஏபிஎஸ்-இல் நிலைத்த மருந்து வார்ஃபரின், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவைப் பெரும்பாலும் 2 முதல் 3 வரை வைத்து. பொதுவாக நீண்டகாலம், பலருக்கு வாழ்நாள் முழுக்க. 'ரத்தத்தை இளக்கினால் புண் கசியாதா?' ஐஎன்ஆர் வரம்புக்குள் இருந்தால் இந்தப் புண்கள் கசிந்து மோசமாவதைவிட, ரத்தவரத்து திரும்பி ஆறத் தொடங்குவதையே நாங்கள் பார்க்கிறோம். முதலில் குறைவது வலி, பிறகு புதுப் புண் வருவது நிற்கும், கடைசியில்தான் பழைய புண் மூடும். மூக்கில், ஈறில், சிறுநீரில், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது வார்ஃபரின் எடுக்கும் எல்லாருக்குமான விதி.

வார்ஃபரினைத் தொடங்கும் விதத்தில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. இந்த மருந்து உறைவுக் காரணிகளைக் குறைக்கும் முன்பே, புரோட்டீன் சி என்ற உறைவுத் தடுப்பானைக் குறைத்துவிடுகிறது. அந்த இடைவெளியில், பொதுவாக 3 முதல் 5 நாளில், மார்பகம், தொடை, பிட்டம் போன்ற கொழுப்பு மிகுந்த இடங்களில் தோல் வலித்து, கருத்து, அழுகிவிடலாம். அபூர்வம்தான், ஆனால் தோலைக் காப்பாற்றத் தந்த மருந்தே தோலைக் கொல்வது யாரும் விரும்பாத வேடிக்கை. அதனால்தான் ஏற்கெனவே உறைவு நடந்துகொண்டிருப்பவர்களுக்கு முதல் ஐந்து நாளாவது, ஐஎன்ஆர் 2-ஐத் தாண்டி நிலைக்கும்வரை, ஹெப்பாரினும் கூடவே தருகிறார்கள். இரண்டு மருந்து ஏன் என்று கேட்டு ஒன்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு நுட்பம்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் உள்ளவர்களுக்கு, விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சிறு கருவிகளில் ஐஎன்ஆர் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் உறைவு திரும்பிவிடும். ஆய்வகத்தில் சிரை ரத்தத்தில் பார்ப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி ரத்தம் எடுக்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் இருக்கின்றனவே, ரிவராக்சபான் போன்றவை, அவை போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏபிஎஸ் இல்லாத லிவிடாய்டு வாஸ்குலோபதியில் அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் மூன்று எதிர்ப்பொருளும் பாசிட்டிவ் ஆனவர்களிடம் ரிவராக்சபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட இத்தாலிய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. ரிவராக்சபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் அதிகம் வந்ததால் அதை நடுவிலேயே நிறுத்த நேர்ந்தது. தங்கைக்கு மூன்றும் பாசிட்டிவ் என்றால் வசதிக்காக மாத்திரை மாற்றுவது புத்திசாலித்தனம் அல்ல.

லூபஸும் சேர்ந்திருந்தால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் தருவார்கள். புண்ணைப் பொறுத்தவரை, ஈரப்பதம் காக்கும், ஒட்டாத கட்டு. தொற்று இருந்தால் மட்டும் ஆன்டிபயாடிக். செத்த திசுவை அகற்றுவதில் நிதானம். உறைவைக் கட்டுப்படுத்தும் முன்பே கத்தி வைத்துச் சுரண்டினால் புண் பெரிதாகும், ஒட்டுத்தோல் வைத்தாலும் ஒட்டாது. காலை இறுக்கும் கட்டோ காலுறையோ போடும் முன் கணுக்கால் ரத்த அழுத்தம் பார்த்துத் தமனி ஓட்டம் போதுமென்று உறுதிசெய்ய வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், இதில் பேரம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது. வார்ஃபரின் எடுக்கும்போது வலிக்காக ஐபூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தானாக வாங்கிப் போடக் கூடாது.

வலைக்கோடு மறையுமா? பெரும்பாலும் மறையாது. வார்ஃபரின் எடுத்தும் வலை அப்படியே இருப்பது சகஜம், சிலருக்கு இன்னும் பரவுவதும் உண்டு. தமனிச் சுவர் ஏற்கெனவே தடித்திருப்பதால் மருந்து அதைத் திரும்பப் பழையபடி ஆக்குவதில்லை. வலை மறையவில்லை என்பதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். புதுப் புண் வருகிறதா என்பதுதான் அளவுகோல். வெள்ளைத் தழும்பும் நிரந்தரம். சுற்றியுள்ள பழுப்பு மட்டும் மெல்ல மங்கும்.

குழந்தை பற்றி: இந்த நோயில் கருச்சிதைவும், பிந்தைய மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறுவதும், குழந்தையின் வளர்ச்சி குறைவதும் கூடுதலாக நடக்கின்றன. ஆனால் திட்டமிட்டுச் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலானோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். வார்ஃபரின் கருவுக்குத் தீங்கு செய்யும், குறிப்பாக 6-ஆம் வாரத்திலிருந்து 12-ஆம் வாரம்வரை. அதனால் கருத்தரித்தது தெரிந்தவுடனே, 6-ஆம் வாரத்துக்கு முன்பே, ஹெப்பாரின் ஊசிக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கும் மாற்றுவார்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் முயற்சி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடட்டும்.

கடைசியாக அவசரம் பற்றி. நூறில் ஒருவருக்குத்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 1992-இல் ரொனால்ட் ஆஷர்சன் விவரித்த பேரழிவு ஏபிஎஸ்-இல், ஒரு வாரத்துக்குள் மூன்று உறுப்புகளிலாவது நுண்குழாய்கள் அடைபடுகின்றன: சிறுநீரகம், நுரையீரல், மூளை, தோல். தீவிர சிகிச்சை தந்தும் மூவரில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள். தூண்டுவது பெரும்பாலும் தொற்று, அறுவைச் சிகிச்சை, அல்லது வார்ஃபரினை நிறுத்தியது. பல் பிடுங்க, சிறு அறுவைக்கு என்று யாராவது மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொன்னால், ஏபிஎஸ் பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வலை திடீரென்று கருத்துப் பரவினாலோ, பல இடங்களில் ஒரே நாளில் தோல் கருத்தாலோ, விரல்கள் நீலமானாலோ, கூடவே மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், பேச்சுக் குழறல், கடும் தலைவலி எதுவானாலும், தோல் மருத்துவரின் அடுத்த முறைக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வாக்கியத்திலேயே 'எனக்கு ஏபிஎஸ் இருக்கிறது' என்று சொல்லச் சொல்லுங்கள். நோயின் பெயர், மூன்று பரிசோதனைகளின் முடிவு, எடுக்கும் மருந்து, கடைசி ஐஎன்ஆர் நான்கையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும்.